ஆயிரத்து நானூற்று முப்பத்தேழாவது ஆள்

'கூவப்பாறையில்' என்ற வீட்டுப்பெயர் கொண்ட குடும்பத்தில், செத்தவர்களையும் சேர்த்து, ஆயிரத்து நானூற்று முப்பத்தாறு பேர். இந்த எண் சாக்கோச்சனுக்கு ஜெபமாலை போல மனப்பாடம். ஒன்பது மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கணினியில் ஏற்றியவர் அவர்தான். அதனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் திரை ஆயிரத்து நானூற்று முப்பத்தேழு என்று காட்டியதும், முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு லிஸ்ஸியிடம், "சனிக்கிழமை நான் போனப்பறம் குடும்பத்துல யாருக்காவது கொழந்த பொறந்துச்சா?" என்று கேட்டார்.

"பொறந்தா ஆஸ்பத்திரியில சொல்லுவாங்க சேட்டா. ஜெராக்ஸ் கடையில எதுக்குச் சொல்றாங்க?" என்றாள் லிஸ்ஸி.

காஞ்ஞிரமுக்கு மாதா கோயிலுக்கு எதிரே, ஜெராக்ஸும் டி.டி.பி.யும் கல்யாணப் பத்திரிகையுமாக லிஸ்ஸி நடத்திய கடை அது. மின்சாரம் போனாலும் பதினைந்து நிமிஷம் தாங்குகிற கணினி அந்தச் சுற்று வட்டாரத்தில் அவளிடம் மட்டுந்தான் இருந்தது. சாக்கோச்சனுக்குப் பாலாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கணினி அறையில் வேலை. நோயாளி, படுக்கை, மருந்து எல்லாவற்றையும் தனித்தனி அட்டவணையாகப் போட்டு, ஒன்றுக்கொன்று எண்ணால் முடிச்சுப் போட்டு வைக்கிற வேலை. டியூட்டி பிற்பகலில்தான். காலை நேரத்தைக் குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார்.

வருகிற ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை, மூத்த அவிரா மலையேறி வந்து காடு வெட்டி வீடு கட்டிய நூற்றைம்பதாவது ஆண்டு. அன்றைக்கு ஏழு கிளைகளும் கூடுகிற குடும்பயோகத்தில் குடும்ப சரித்திரம் புத்தகமாக வெளிவர வேண்டும். பழைய நோட்டுப் புத்தகத்தில் இருந்ததைக் கணினியில் ஏற்றச் சொல்லித் தலைவர் ஔசேப்பச்சன் பேரப்பன்தான் சாக்கோச்சனை நியமித்தார். பெரியப்பா முறையாகும் பேரப்பனுக்கு எழுபத்து மூன்று வயது. குடும்பத்தில் அவர் இருமினால்கூட எதிரே இருப்பவர் எழுந்து நிற்பார்.

சாக்கோச்சன் போட்ட ஏற்பாடு எளிமையானது. ஆளுக்கு ஓர் எண். ஒவ்வொரு பிள்ளையின் வரியிலும் தகப்பனின் எண் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கணினி தகப்பன், தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஏறி மூத்த அவிராவிடம் போய் நிற்கும். தகப்பன் எண் இல்லாத எவரையும் உள்ளே விடாதே என்றும் அதற்குக் கட்டளை உண்டு. கல்யாணமாகிப் போன பெண்களின் பிள்ளைகளுக்கு இதில் இடமில்லை. அவர்கள் புருஷன் வீட்டுப் புத்தகத்தில் இருப்பார்கள். அதுதான் வழக்கம்.

முப்பத்தேழாவது ஆளைத் தேடிப் பிடித்தார். பெயர் ஏலிக்குட்டி. பிறந்த வருஷம் 1940. தகப்பன் இரண்டாம் கிளை இட்டியவிரா. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். இட்டியவிராவுக்கு ஐந்து பிள்ளைகள்தான். ஐந்தாவதற்குக் கீழே ஒரு வரி முழுக்கக் கறுப்பு மை. மை கொட்டிவிட்டது என்று நினைத்து, ஏற்றும்போது அதைத் தாண்டிப் போனது ஞாபகம் வந்தது.

ஏதோ விரல் தவறியிருக்கிறது என்று ஏலிக்குட்டியை நீக்கினார். முப்பத்தாறு ஆயிற்று. நிம்மதியாக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஏலிக்குட்டி திரும்பி வந்திருந்தாள், நான்கு பிள்ளைகளோடு.

பிள்ளைகளின் பெயர்கள் சுமங்கலா, பிரசாத், அஜயன், ஓமனா. தொம்மனும் வர்க்கியும் மாணியும் அன்னம்மாவும் நிறைந்த பட்டியலில் ஒரு சுமங்கலாவைப் பார்த்ததும் சாக்கோச்சனுக்கு வியர்த்தது. ஆனால் அவரை நாற்காலியிலேயே பின்னுக்குத் தள்ளியது பெயர்கள் அல்ல. நால்வருக்கும் தகப்பன் எண் இல்லை. தகப்பன் இல்லாமல் உள்ளே விடாதே என்ற கட்டளையை யாரோ எடுத்திருந்தார்கள். அட்டவணையில் 'தாய் எண்' என்று புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. அதிலிருந்து ஒரு கோடு கிளம்பி ஏலிக்குட்டியைத் தொட்டு நின்றது.

பெயர் தப்பாக விழுவது ஜன்னல் கண்ணாடி உடைகிற மாதிரி. மாற்றிக்கொள்ளலாம். இது, காலையில் எழுந்து பார்த்தால் சமையலறை இருந்த இடத்தில் மாட்டுத் தொழுவம் இருப்பது மாதிரி. இருபது வருஷத் தொழிலில் சாக்கோச்சன் இப்படிப் பார்த்ததில்லை.

"கரண்டு ஏறி எறங்கினா இப்பிடி ஆகுமா?" என்று லிஸ்ஸி கேட்டாள்.

"கரண்டுக்கு மலையாளத்துல டைப் அடிக்கத் தெரியாது," என்றார் அவர்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கே பேரப்பன் போன் செய்து, வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். மறைக்க முடியாமல் சாக்கோச்சன் சொல்லிவிட்டார். ஒரு பெயர் தானாக வருகிறது என்றும், பெயர் ஏலிக்குட்டி என்றும்.

"அறுவத்திரெண்டுல போட்ட தீர்மானம் அப்படியேதான் இருக்கு. என்ன கோளாறுன்னு கண்டுபுடி மோனே. தெனமும் எனக்குச் சொல்லணும்," என்று பேரப்பன் போனை வைத்தார்.

என்ன தீர்மானம் என்று சாக்கோச்சனுக்குத் தெரியவில்லை. அறுபத்திரண்டில் அவருக்கு மூன்று வயது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டார். மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார். கதை சொல்லச் சொல்ல ஒரு மணி நேரம் போயிற்று. மீனைப் பூனை எடுத்துக்கொண்டு போனதை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

ஏலிக்குட்டி பேரப்பனின் கூடப்பிறந்த தங்கை. அந்த ஐந்து பேருக்கும் அடுத்துப் பிறந்த கடைக்குட்டி. மாதா கோயில் பாட்டுக் குழுவில் முதல் குரல் அவளுடையது. அறுபத்திரண்டில் திருநாளுக்கு நாடகம் போட வந்த குழு, மழையில் மீனச்சிலாறு கரையை முட்டியதால் மூன்று நாள் ஊரிலேயே தங்கிவிட்டது. அதில் ஆர்மோனியம் வாசித்தவன் சுகுமாரன். நான்காம் நாள் ஆற்றில் தண்ணீர் வடிந்தது. குழு போனது. ஏலிக்குட்டியும் போனாள். அடுத்த குடும்பயோகத்தில் தீர்மானம் போட்டுப் பெயரை மையால் அடித்தார்கள். மற்ற நான்கு பேரும் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது மிஞ்சியிருப்பது பேரப்பனும் அவளுந்தான், அவள் உயிரோடு இருந்தால்.

"கோயில்ல அவ பாட ஆரம்பிச்சா, வெளிய வெத்தல போட்டுக்கிட்டு நிக்கிற ஆம்பளைங்க எல்லாம் துப்பிட்டு உள்ள வருவாங்கடா," என்றார் அம்மா. நாற்பத்தோரு வருஷமாக அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை என்றும் சொன்னார்.

சாக்கோச்சனுக்குக் கதையைவிடக் கோளாறு முக்கியம். இந்தப் பெயரும் பிள்ளைகளின் பெயரும் யாருக்குத் தெரியுமோ அவர்தான் கை வைத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, கிளை கிளையாகப் பெரியவர்களுக்குப் போன் செய்தார். அது பெரிய தப்பு.

மூன்றாம் கிளை தேவஸ்யாச்சன், மீனச்சிலாற்றில் தலைமுடியைப் பிடித்துத் தூக்கித் தனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான் என்றார். அவருக்கு இப்போது முடி கிடையாது. அதைச் சொல்லிச் சிரித்தவர் பேச்சை நிறுத்தி மூக்கைச் சிந்தினார். கன்னியர் மடத்தில் ஓய்விலிருந்த சிஸ்டர் பெர்ப்பத்துவா, பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே மைக்கூடு என்றும், தன் பங்கையும் அவளே தீர்த்துவிடுவாள் என்றும் புகார் செய்தார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய புகார். ஏலிக்குட்டியைப் பெண் கேட்டுப் போன வீட்டுப் பிள்ளை குஞ்ஞுவர்க்கி, தான் தப்பித்தது தெய்வாதீனம், கட்டியிருந்தால் தன்னையும் பாட வைத்திருப்பாள் என்றார். போனை வைத்த பத்தாவது நிமிஷம் அவரே திரும்பக் கூப்பிட்டு, அவள் எங்கே இருக்கிறாள் என்று ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்.

குற்றவாளி கிடைக்கவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் ஏழு கிளையிலும் ஏலிக்குட்டியைத் தவிர வேறு பேச்சில்லை.

இனித் தாமதித்தால் காரியம் கெடும் என்று சாக்கோச்சன் அந்தத் தாய்க் கட்டத்தை வேரோடு பிடுங்கப் போனார். தொடர்புடையவற்றையும் நீக்கவா என்று கணினி மரியாதையாகக் கேட்டது. அவசரத்தில் ஆம் என்று அழுத்தினார். முந்நூற்றுப் பதினொரு பேர் போய்விட்டார்கள். அவர்களில் பலர் உயிரோடிருப்பவர்கள். ஒருவர் பாதிரியார். ஏலிக்குட்டி மட்டும் அசையவில்லை.

சனிக்கிழமை எடுத்து வைத்த பிரதியைப் போட்டார். அதிலும் ஏலிக்குட்டி இருந்தாள். அதற்கு முந்தைய பிரதி மூன்று வாரம் பழையது. அதைப் போட்டு, மூன்று வாரத் திருத்தங்களை மறுபடி கையால் செய்தார். அதன் மேல் ஒரு ரகசியச் சொல்லைப் பூட்டாகப் போட்டார். விதிப்படி அதைக் காகிதத்தில் எழுதி உறையில் ஒட்டி, ஒன்றைத் தலைவருக்கும் ஒன்றைச் செயலாளர் வக்கச்சனுக்கும் கொடுத்தார். வக்கச்சன் வக்கீல். உறையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் பூட்டு பத்திரமாக இருந்தது. உள்ளே தாய்க் கட்டம் திரும்பி வந்திருந்தது. இந்த முறை தகப்பன் கோடு அறுந்திருந்தது.

அதைக் கவனிக்காமல் அவர் நான்காம் கிளையை அச்சுக்குக் கொடுத்துவிட்டார். பழைய பிரிண்டர் கறகறவென்று தொண்ணூறு பக்கம் துப்பியது. எடுத்துப் பார்த்தால், கூவப்பாறையில் சாக்கோச்சன், நாற்பத்து நான்கு வயது, அவருக்கு அப்பன் இல்லை. அம்மாவின் கீழே நின்றுகொண்டிருந்தார். ஊரில் ஒருவருக்கும் அப்பன் இல்லை. எல்லோரும் அவரவர் அம்மாவுக்குக் கீழே குஞ்சுகளாக ஒண்டியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ரேஷன் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள் ஐந்தாம் கிளை ரோசக்குட்டி. கீழே கிடந்த தாளை எடுத்துப் படித்தாள். ஒரு தாளல்ல, நிறைய. பிறகு, "அப்ப எங்க பசங்களையும் இதுல போடலாமா?" என்று கேட்டாள்.

இது கோளாறு, நாளைக்குச் சரியாகிவிடும் என்று சாக்கோச்சன் விளக்கினார்.

"சரியாகறதுக்கு முன்னாடி எங்க பசங்கள போட்டுடுங்க," என்றாள் ரோசக்குட்டி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் செய்தி பெண்கள் பக்கம் முழுக்கப் பரவிவிட்டது. திங்கட்கிழமை லிஸ்ஸியின் கடை வாசலில் கூட்டம். துபாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன். நாற்பது வருஷம் முன்பு கட்டிக்கொடுத்த அத்தைகள், பேரன் பேத்திகளின் பெயர்களைக் காலண்டர் தாளில் எழுதி அனுப்பினார்கள். தகப்பன் கோட்டை எப்படியோ திரும்ப இணைத்துவிட்ட சாக்கோச்சனுக்குத் தாய்க் கோட்டைத் தொடப் பயம். தொட்டால் எத்தனை பேரைக் கொண்டுபோகுமோ. எண்ணிக்கை ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியது, இரண்டாயிரத்தைத் தாண்டியது, கடைசியில் இரண்டாயிரத்து இருநூற்று எட்டில் நின்றது.

தினமும் சாயங்காலம் பேரப்பனின் போன் வரும். இன்றைக்கு எத்தனை என்று கேட்பார். சொன்னதும் "ம்" என்பார். அந்த "ம்" சாக்கோச்சனுக்கு இரவுச் சோற்றை இறங்கவிடாது.

ஒரு நாள், தன் வீட்டுப் பக்கத்தைத் திருத்தும்போது அவர் கை நின்றது. அவருக்கு ஒரே மகள், நிம்மி, ஒன்பதாம் வகுப்பு. பழைய ஏற்பாட்டில் அவள் பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு விழுந்து பக்கம் முடிந்துவிடும். பெண்கள் எல்லோருக்கும் விழுகிற கோடுதான். அதைப் போடச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை எழுதியவரும் அவரேதான். இப்போது அந்தக் கோடு இல்லை. நிம்மியின் பெயருக்குக் கீழே வெறும் இடம் கிடந்தது. அதைப் பார்த்தபடி டீயை ஆறவிட்டார். அன்று கோளாறைத் தேடவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் வக்கச்சன் அவசரக் கமிட்டி கூட்டினார். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் பரிமாறி முடிந்ததும் அவர் எழுந்து, விதிமுறை மூன்றாம் பிரிவைப் படித்து, தாய்க் கட்டத்தையும் அதன் வழியாக உள்ளே வந்த அத்தனை பேரையும் நீக்க வேண்டும் என்றார். கதவருகே நின்ற அவர் மனைவி, அப்படியானால் பெங்களூரில் இருக்கும் நம் மகள் பெட்டியின் இரண்டு குழந்தைகளும் யார் என்று மெதுவாகக் கேட்டார். வக்கச்சன் மூன்றாம் பிரிவை மறுபடி ஒரு முறை தனக்குள் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

எல்லோரும் பேரப்பனைப் பார்த்தார்கள். அவர் சாக்கோச்சனைப் பார்த்தார்.

"இதை எடுக்க முடியுமா?"

"எடுக்கலாம் பேரப்பா. மூணு வாரம் ஆகும். அச்சகத்துக்காரங்க வர்ற திங்கள்தான் கடைசின்னுட்டாங்க."

"யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சுதா?"

சாக்கோச்சன் தலை குனிந்தார். தெரியவில்லை என்றார். தொழிலில் இப்படி ஒரு வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

பேரப்பன் வெகுநேரம் தாடையைத் தடவினார். "மனுஷன் தப்புப் பண்ணினா கூப்பிட்டு வெச்சுக் கேக்கலாம். மெஷினைக் கூப்பிட்டு என்னன்னு கேக்கறது? அது போட்டபடியே இருக்கட்டும்," என்றார்.

கமிட்டி அதிர்ந்தது. அறுபத்திரண்டுத் தீர்மானத்தை ஒவ்வொரு வருஷமும் எழுந்து நின்று நினைவுபடுத்தியவர் அவர். கணினிக் கோளாறு காரணமாக என்று வக்கச்சனே நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார். சாக்கோச்சனுக்கு அவமானத்தில் காது சிவந்தது. தன் தொழில் வாழ்க்கை ஒரு குறிப்பேட்டில் இந்த மூன்று சொல்லாக முடிந்துபோனது என்று அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டார். அம்மாவோ கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுச் சட்டையும் முண்டுமான உடுப்பை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

பட்டியலில் இருந்த எல்லா வீட்டுக்கும் அழைப்பிதழ் முகவரியைக் கணினியே அச்சடித்தது. சேர்த்தலையில் ஒரு முகவரிக்கும் ஒன்று போயிற்று.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை மாதா கோயில் மைதானத்துப் பந்தலில் உட்கார இடமில்லை. பதினொரு மணிக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. நான்கு நடுவயதுக்காரர்கள் இறங்கி, ஒரு சின்ன உருவத்தைக் கைபிடித்து இறக்கினார்கள். தடித்த கண்ணாடி, வெள்ளைச் சேலை. பந்தலில் நாற்காலிகள் நகர்கிற சத்தம். தேவஸ்யாச்சன் முதல் ஆளாகப் போய்த் தன் மொட்டைத் தலையை அவள் முன்னே குனிந்து காட்டினார். அவள் அதில் ஒரு தட்டுத் தட்டினாள். சிஸ்டர் பெர்ப்பத்துவா சக்கர நாற்காலியில் இருந்தபடியே மைக்கூட்டு விஷயத்தைத் தொடங்கிவிட்டார். சாக்கோச்சனின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பாடு முடிகிறவரை விடவில்லை.

பேரப்பன் மேடையை விட்டு இறங்கவில்லை. அவள்தான் ஏறிப் போனாள். சாக்கோச்சன் ஒலிபெருக்கி ஒயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதால் அவருக்குக் காதில் விழுந்தது.

"மெலிஞ்சு போயிட்டியே," என்றார் பேரப்பன்.

"உங்க கம்ப்யூட்டர் கூப்பிட்டுச்சு. வந்தேன்," என்றாள் ஏலிக்குட்டி.

பேரப்பன் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, இன்னொன்றுக்கு இடம் பண்ணினார். சாப்பாட்டுக்கு முன்னால் பாட்டுக் குழு பாட எழுந்தபோது அவளும் எழுந்தாள். குரல் பழையபடி இல்லை, நடுவில் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனாலும் பந்தலுக்கு வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆண்கள் துப்பிவிட்டு உள்ளே வந்தார்கள்.

புத்தகம் அன்றே தீர்ந்துபோனது. எல்லோரும் சாக்கோச்சனின் முதுகில் தட்டினார்கள். அவருக்குத்தான் மனசு ஆறவில்லை. ஊர் கொண்டாடட்டும், கோளாறு கோளாறுதானே. திங்கட்கிழமை லிஸ்ஸியின் கடைக்குப் போய், கணினியில் இருந்த குடும்பத்தைக் குறுந்தகட்டில் நகலெடுத்துக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் நின்று, வைரஸ் என்று பார்த்தால் இது பேர் ஊர் எல்லாம் தெரிந்த வைரஸ், ஆள் என்று பார்த்தால் ரகசியச் சொல் தெரிந்த ஆள், வக்கச்சனைத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது என்று ஒரு பாட்டம் புலம்பினார்.

லிஸ்ஸி யாருடைய நிலப் பத்திரத்தையோ அடுக்கிப் பின் குத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீங்க டியூட்டிக்குப் போனதும் தெனமும் ரெண்டு மணிக்குப் பேரப்பன் வருவாரு சேட்டா. கட்டம் போடறதெல்லாம் நான்தான் காட்டிக் குடுத்தேன். 'மோளே, இதுல எழுதினா யாரு கையெழுத்துன்னு கண்டுபுடிக்க முடியாதில்ல?'ன்னு மொத நாளே கேட்டுக்கிட்டுத்தான் ஒக்காந்தாரு."